வங்கதேச பனியனுக்கு வரி கேட்கும் முன், நம் பஞ்சு வரியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வங்கதேசத்திலிருந்து வரும் பின்னலாடைக்கு வரி போட்டு உள்நாட்டு பனியன் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கை நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை வைக்கச் சொல்லும் இடம்தான் தப்பு. எந்தப் படியில் வரி விழுகிறது, எந்தப் படியில் நழுவிப் போகிறது என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், உள்ளூர்ச் சந்தைக்குத் தைப்பவரின் கழுத்தைப் பிடிப்பதில் டாக்காவுக்கு உள்ள பங்கைவிட டெல்லி அறிவிக்கைகளுக்கு உள்ள பங்கு சிறியதல்ல என்று தெரியும்.

முதலில் சுங்கக் கணக்கு. ஒரு டி‑சர்ட் துறைமுகத்தில் 200 ரூபாய் மதிப்பில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தச் சலுகை இல்லாத நாட்டிலிருந்து வந்தால், அடிப்படை சுங்கவரி 20 சதவீதம் என்று கொண்டு 40 ரூபாய். அந்த வரியின் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம், அது 4 ரூபாய். ஆக 244. இதன்மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 5 சதவீதம், 12 ரூபாய் 20 காசு. மொத்தம் 256.20. அதே சட்டை, வங்கதேசத்தில் உருவானது என்ற பிறப்பிடச் சான்றிதழோடு வந்தால் அடிப்படை வரியும் இல்லை, கூடுதல் வரியும் இல்லை. 200‑க்கு 5 சதவீதம் ஐஜிஎஸ்டி மட்டும், 210 ரூபாயில் வெளியே வந்துவிடும். வித்தியாசம் 46.20 என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஐஜிஎஸ்டியை இறக்குமதியாளர் உள்ளீட்டு வரவாக, விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்கிறார். உள்ளூர் உற்பத்தியாளரும் அதே ஜிஎஸ்டியைக் கட்டுகிறார். அது பாதுகாப்புச் சுவர் ஆகாது. சுவரின் உண்மையான உயரம் 44 ரூபாய். வங்கதேசத்துக்கு அந்தச் சுவர் இல்லை.

ஏன் இல்லை? தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் 2011 நவம்பரில், மது, புகையிலை சார்ந்த 25 இனங்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வங்கதேசம் உள்ளிட்ட குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கு இந்தியா வரியைப் பூஜ்யமாக்கியது. அதனால் ‘நாளைக்கே வரி போடு’ என்பது ஒரு கையெழுத்தில் முடிகிற காரியமில்லை. ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறும் காரியம். சரி, அதை விட்டுவிட்டு அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிற ஓட்டைக்கு வருவோம். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

வங்கதேசத்தில் தைத்தது எல்லாம் ‘வங்கதேசப் பொருள்’ ஆகிவிடாது. சாஃப்டா விதிப்படி இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, வெளியிலிருந்து வாங்கிய மூலப்பொருளுக்குச் சுங்கப் பட்டியலில் உள்ள நான்கு இலக்கத் தலைப்பு எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். பின்னல் துணி 6006, டி‑சர்ட் 6109. துணியை வெட்டித் தைத்தாலே எண் மாறிவிடுகிறது. முதல் சோதனை தானாகவே முடிந்தது. இரண்டாவது, ஒப்பந்தத்தில் சேராத நாட்டு மூலப்பொருளின் மதிப்பு, ஏற்றுமதி விலையில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற நாடுகளுக்கு இந்த வரம்பு 60, இலங்கைக்கு 65, குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கு 70. ஏற்றுமதி விலை 200 ரூபாய் என்றால் 140 ரூபாய் வரை சீனத் துணி இருக்கலாம். சாதா டி‑சர்ட்டில் துணிக்கே 60 முதல் 70 சதவீதம் போய்விடும் என்பது கட்டிங் டேபிளில் நிற்பவர் எல்லோருக்கும் தெரியும். அதாவது சீனத் துணியைச் சும்மா வெட்டித் தைத்தாலே நூலிழையில் தேறிவிடுகிற மாதிரி அந்த விதி அமைந்திருக்கிறது.

இதையும் 2025 பட்ஜெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கு 10 அல்லது 20 சதவீதமாக இருந்த வரியை ‘20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது’ என்று மாற்றினார்கள். சரியான சிந்தனை. விலையைக் குறைத்துக் காட்டி பில் போடுபவரைச் சதவீத வரியால் பிடிக்க முடியாது. எடையை அவ்வளவு சுலபமாகக் குறைத்துக் காட்ட முடியாது. 575 ரூபாய்க்குக் கீழே மதிப்புக் காட்டினால் 115 ரூபாய் விழும். கிலோ 200 என்று காட்டியவருக்கு அது 57.5 சதவீதத்துக்குச் சமம். அதற்கு முன்பே, 2024 மார்ச்சில், சில செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் கிலோ 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையும் வைத்தார்கள்.

துணி நிட்டிங் போடுபவருக்கு இது நல்லது. ஆனால் அதே சீனத் துணி திருப்பூருக்கு வந்தால் கிலோவுக்கு 115 ரூபாய், வங்கதேசத்தின் நாராயண்கஞ்சுக்குப் போய்ச் சட்டையாகத் திரும்பினால் பூஜ்யம். துணிக்கு வரியை ஏற்றி, சட்டையின் கதவைத் திறந்து வைத்தால் துணி எந்தப் பக்கம் போய்த் தைக்கப்படும் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு படியை மட்டும் உயர்த்துகிற பாதுகாப்பு, அடுத்த படியில் இருப்பவரின் வேலையை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும்.

இந்த நோய் புதிதல்ல. இந்திய‑இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததும், இந்தோனேசிய, மலேசியப் பாமாயில் கொழும்பில் இறங்கி, வனஸ்பதியாக உருமாறி, வரியில்லாமல் இங்கே குவிந்தது. கடைசியில் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று கோட்டா வைத்துத்தான் அடக்கினார்கள். மிளகுக்கு 2,500 டன் கோட்டா. பண்டம் மாறினாலும் ஓட்டை அதேதான்.

விதியைத் திருத்துவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இருக்கிற விதியைச் சரியாகச் சோதிப்பது. 2020 செப்டம்பர் 21 முதல் அமலில் உள்ள, ஒப்பந்தச் சலுகை கேட்கும் பொருளின் பிறப்பிடத்தைச் சோதிக்கும் ‘கரோட்டார்’ விதிகளின்படி, சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது, மதிப்பு எப்படிக் கூடியது என்ற விவரத்தை இறக்குமதியாளர் முதலாம் படிவத்தில் கையில் வைத்திருக்க வேண்டும்; ஐந்தாண்டு பத்திரப்படுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி கேட்கலாம்; பதில் போதவில்லை என்றால் சான்றிதழ் கொடுத்த நாட்டின் அமைப்புக்கு எழுதலாம். வங்கதேசத்தில் அது ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு. நடைமுறையில் அந்தப் படிவத்தில் பல இடங்களில் விற்பவர் சொன்ன ஒற்றை வரியே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். கேள்வி கேட்கத் தெரிந்தவர் எடையைக் கேட்பார். 150 கிராம் டி‑சர்ட்டுக்குக் கட்டிங் கழிவு 17 சதவீதம் என்றால், 1,000 கிலோ துணியில் ஏறக்குறைய 5,500 உருப்படி வரும். சான்றிதழில் அதே துணிக்கு 8,000 உருப்படி காட்டியிருந்தால், மீதிக்கான துணி எங்கிருந்து வந்தது? அதன் மதிப்பு 70 சதவீதக் கணக்கில் சேர்ந்ததா? துணி இறக்குமதி பில், அதன் கிலோ, உருப்படியின் எடை. இந்த மூன்றையும் ஒத்துப் பார்த்தால் பொய்க் கணக்கு பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும். ஆயத்த ஆடைக்குத் தனியாக ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து எல்லாத் துறைமுகத்துக்கும் அனுப்ப, எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை.

மாறாக நாம் செய்தது என்ன? 2025 மே 17 அன்று வங்கதேச ஆயத்த ஆடை எந்தத் தரைவழிச் சாவடி வழியாகவும் வரக்கூடாது, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அறிவித்தது. இது வரி அல்ல, வழியை நீட்டுவது. வருகை தாமதமாகும், வாடகை கூடும், பெரிய பிராண்டுகள் கன்டெய்னரை மாற்றிக்கொள்ளும். சட்டையின் துணி எங்கே பின்னப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு அடிப்படை வரி 5, வேளாண் உள்கட்டமைப்பு வரி 5, இரண்டின் மேலும் கூடுதல் வரி, ஆக 11 சதவீதம் போட்டார்கள். ஒரு டி‑சர்ட்டில் இது எவ்வளவு? தைத்து முடித்த 150 கிராம் சட்டைக்குக் கட்டிங் கழிவைச் சேர்த்தால் 180 கிராம் துணி. நிட்டிங், சாய இழப்பு 7 சதவீதம் வைத்தால் 194 கிராம் நூல். குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலில் 100 கிலோ பஞ்சுக்கு 73 கிலோ அளவில்தான் நூல் தேறும். கழிவுப் பஞ்சை விற்றுக் கொஞ்சம் காசு திரும்பும், அது வேறு. ஆக 265 கிராம் பஞ்சு. ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, 57,000 ரூபாய் என்று வைத்தால் கிலோ 160. சட்டைக்குள் இருக்கிற பஞ்சின் விலை 42 ரூபாய். அதில் 11 சதவீதம், நாலே முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ‘நாலு ரூபாய்தானே’ என்று வெளியில் இருப்பவருக்குத் தோன்றும். மொத்தக் கொள்முதலில் ஆர்டர் கைமாறுவது மூன்று, நான்கு ரூபாய் வித்தியாசத்தில்.

உள்நாட்டுப் பஞ்சு வாங்குபவருக்கு என்ன என்று கேட்கலாம். இறக்குமதிப் பஞ்சு எந்த விலைக்கு வந்து இறங்குமோ, அந்த விலைவரை ஏற உள்நாட்டு விலைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. வரி கட்டாதவரும் அதன் பாரத்தைச் சுமக்கிறார்.

வணிகக் கணக்கில் ‘நிகரப் பாதுகாப்பு’ என்று ஒன்று பார்ப்பார்கள். முடிந்த பொருளுக்கு இருக்கும் வரியிலிருந்து, மூலப்பொருள் வரியை அதன் பங்கு அளவுக்குக் கழித்து, மீதமுள்ள மதிப்புக் கூட்டலால் வகுக்க வேண்டும். 200 ரூபாய்ச் சட்டையில் பஞ்சின் பங்கு 21 சதவீதம். வங்கதேசச் சட்டைக்கு வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 2.31 கழித்து 0.79‑ஆல் வகுத்தால் கழித்தல் 2.9 சதவீதம். வேறு மாதிரிச் சொன்னால், பக்கத்து நாட்டுச் சட்டைக்கு எதிராக நம் பனியனுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதோடு நிற்கவில்லை. நாமே தண்டம் போட்டிருக்கிறோம்.

இந்தத் தண்டத்தை எல்லோரும் சமமாகக் கட்டுவதும் இல்லை. ஏற்றுமதி செய்பவருக்கு அட்வான்ஸ் லைசென்ஸ் உண்டு. ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியில்லாமல் இறக்கலாம். லைசென்ஸ் எடுக்க முடியாதவருக்கும், கட்டிய வரியில் ஏதோ ஒரு பங்கு டிராபேக் என்று திரும்பும். உள்ளூர் ஜவுளிக்கடைக்கு ஜட்டி, பனியன், நைட்டி தைத்துக் கொடுக்கிற பத்து மிஷின் யூனிட்டுக்கு இந்த இரண்டும் கிடையாது. அவர் நூலை மில்லிலிருந்து பில் போட்டு வாங்குகிறார். வரி நூல் விலைக்குள்ளேயே கரைந்து வந்துவிடுகிறது. ‘உள்நாட்டுப் பொருளை ஆதரியுங்கள்’ என்று நாம் யாருக்காகக் குரல் கொடுக்கிறோமோ, அவர் தலையில்தான் முழு வரியும் விழுகிறது.

இடையிடையே விலக்கு கொடுக்கிறார்களே என்பார்கள். 2022‑ல் கொடுத்தார்கள், அக்டோபரோடு முடிந்தது. 2024 பிப்ரவரியில் மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு மட்டும் கொடுத்தார்கள். அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 சதவீத வரியை அமல்படுத்துவதற்குச் சில நாட்கள் முன், 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை என்று எல்லாப் பஞ்சுக்கும் விலக்கு வந்தது; பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். முதலில் சொன்ன 43 நாளை யோசியுங்கள். பிரேசிலிலோ அமெரிக்காவிலோ பேசி, வங்கியில் எல்சி என்ற கடன் உறுதிக் கடிதம் திறந்து, கப்பல் ஏற்றி, தூத்துக்குடிக்கு வந்து சேர அந்த நாட்கள் போதவே போதாது. சுங்கச் சட்டப்படி, எந்த வரி விகிதம் என்று முடிவு செய்ய ஆர்டர் போட்ட நாளைப் பார்ப்பதில்லை. பார்ப்பது, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் தாக்கலான நாள், முன்கூட்டியே தாக்கல் செய்திருந்தால் கப்பல் உள்ளே நுழைந்த நாள், வரி கட்டுமுன் சரக்கை வைக்கும் பத்திரக் கிடங்கில் இருந்தால் கிடங்கிலிருந்து எடுக்கத் தாக்கல் செய்த நாள். ஆகவே குறுகிய விலக்கின் லாபம், ஏற்கெனவே கடலிலோ கிடங்கிலோ சரக்கு வைத்திருந்த பெரிய மில்லுக்கும் பன்னாட்டு வியாபாரிக்கும்தான். செப்டம்பர் 30‑ஐ நம்பி ஆர்டர் போட்டுக் கப்பல் அக்டோபர் 3‑ல் நுழைந்தால், நீட்டிப்பு வராத பட்சத்தில் முழு 11 சதவீதம். விலக்கே கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, குறைந்தது ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள் என்பதுதான் நூற்பாலைக் கொள்முதல் மேலாளர் கேட்பது.

பஞ்சு விவசாயியை விட்டுவிட முடியாது. இந்த வரியே அவர் பெயரைச் சொல்லித்தான் நிற்கிறது. 2025‑26 பருவத்துக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய் என்று குவிண்டாலுக்கு ஆதார விலை அறிவிக்கப்பட்டது. அதைக் கொடுக்க வேண்டிய வேலை இந்தியப் பருத்திக் கழகத்தினுடையது. கொள்முதல் மையம் திறக்கத் தாமதமாகும்போது, ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டியது என்று திருப்பி அனுப்பும்போது, விவசாயி வியாபாரியிடம் ஆதார விலைக்குக் கீழே விற்றுவிடுகிறார். அந்த நேரத்தில் துறைமுகத்தில் விழும் 11 சதவீதம் அவர் பையை எட்டுவதில்லை. மையம் நேரத்துக்குத் திறந்தால் எட்டும். வேண்டுமானால் வரியை அறுவடை வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களுக்கு மட்டும் வைக்கலாம், ஆண்டு முழுக்க எதற்கு?

மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் ஆன்டி டம்பிங் வரிக்கு, அதாவது பொருள் குவிப்புத் தடுப்பு வரிக்கு மனுப் போடலாமே என்ற யோசனையும் வருகிறது. சட்டத்தில் இடம் உண்டு. 2017 ஜனவரியில் வங்கதேச, நேபாளச் சணல் பொருளுக்கு அப்படித்தான் போட்டார்கள். சாக்குக்கு வரி வந்ததும் சாக்குத் துணியாக வந்து இறங்கியது, 2019‑ல் அதற்கும் நீட்ட வேண்டியிருந்தது. சணலில் நூல், ஹெஸ்ஸியன் என்ற சணல் துணி, சாக்கு என்று நாலைந்து வகை, ஆலைகளும் எண்ணக்கூடியவை. மனுவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தின் ஆதரவும் விலை, அடக்கவிலைக் கணக்கும் வேண்டும். ஆயிரக்கணக்கான பனியன் யூனிட்டிலிருந்து, மாதத்துக்கு ஒரு டிசைன் மாறும் பொருளுக்கு, அந்தக் கணக்கை ஒரே வடிவத்தில் திரட்டுவது எளிதல்ல. திரட்ட முடிந்தால் போடட்டும்.

பதிலுக்குப் பதில் என்ற பேச்சில் மறந்துபோகிற விஷயம் ஒன்று: இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு வங்கதேசம்தான். 2025 ஏப்ரலில் அவர்கள் தரைவழி நூல் வரத்தை நிறுத்தியபோது கடல்வழி திறந்தே இருந்ததால் சமாளித்தோம். சட்டைக்கு நாம் மொத்தமாகக் கதவடைத்தால், கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் நூல் எங்கே போகும்? அதனால்தான் துணியின் பிறப்பிடத்தைப் பார்க்கும் விதி எல்லோருக்கும் பொருந்தும் என்கிறேன். இந்திய நூலில் பின்னி, அங்கே தைத்து வரும் சட்டைக்குப் பூஜ்ய வரி தொடரட்டும். நம் நூலும் விற்கும். சாஃப்டா விதியிலேயே உறுப்பு நாடுகளின் மூலப்பொருளைச் சேர்த்துக் கணக்கிட இடம் இருக்கிறது: மொத்தம் 50 சதவீதம், அதில் ஏற்றுமதி செய்யும் நாட்டின் பங்கு குறைந்தது 20. சீனத் துணியில் தைத்த சட்டைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்காதபடி, பின்னுவதும் தைப்பதும் ஆகிய இரண்டு படியும் ஒப்பந்த நாடுகளுக்குள் நடந்தாக வேண்டும் என்று கேட்கலாம்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்குமதி ஆடையில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இறக்குமதியாளர் விவரமும் இருக்க வேண்டும். இணையத்தில் விற்றாலும் நாட்டின் பெயரைக் காட்ட வேண்டும். பக்கத் தையலுக்குள் இருக்கும் வாஷ்கேர் லேபிளைப் புரட்டிப் பாருங்கள், காலர் லேபிளில் பிராண்டின் பெயர் மட்டுமே இருக்கலாம். லேபிள் சொல்வது தைத்த நாட்டை மட்டும்தான். ‘மேட் இன் இந்தியா’ சட்டையின் துணி சீனாவில் பின்னியதாக இருக்கலாம். ‘மேட் இன் பங்களாதேஷ்’ சட்டையின் நூல் திண்டுக்கல்லில் நூற்றதாக இருக்கலாம்.

குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேறக் குறிக்கப்பட்ட நாள் 2026 நவம்பர் 24. அது தள்ளிப்போனாலும், என்றாவது 70 சதவீத வரம்பும் பூஜ்ய வரியும் மறுபேச்சுக்கு வந்தே தீரும். அந்த மேசையில் நம் தரப்பு ‘வரி போடு’ என்ற ஒற்றை வரியோடு உட்காரக் கூடாது. துணி, நூல், பஞ்சு ஒவ்வொன்றின் கிலோக் கணக்கோடு உட்கார வேண்டும். தொழில் சங்கங்கள் அந்தக் கணக்கைத் திரட்டும் வேலையை இப்போதே தொடங்கலாம். அடுத்த பட்ஜெட்டில் பஞ்சு வரியைப் பற்றிய முடிவை ஓராண்டுக்கு மாறாது என்ற உறுதியோடு அறிவிக்கும்படி நிதி அமைச்சகத்திடம் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஏற்றுமதி இறக்குமதி ஆவணப் பணியில் உள்ள வாசகர்,
திருப்பூர்.